வந்த நோக்கம்

தம்பிலுவில் சந்தியில் ஐந்தரைக்கு ஏறினேன்.
மார்கழி இருட்டு.
யன்னல் ரப்பர் கிழிந்த இடத்தால்
வாடை விசிலடித்துக்கொண்டு வந்தது.
நடத்துனர் டிக்கெட்டைக் கிழித்தபடி கேட்டான்:
"பெரியாஸ்பத்திரியடியா இறக்கம்?"
இந்த வயதில், இந்த மழையில், தனியே ஒருத்தி
வேறெதற்கு மட்டக்களப்புக்குப் போவாள்?

எத்தனை தரம் வந்திருக்கிறேன்.
அம்மாவின் கண் ஒப்பரேசனுக்கு.
ஓய்வூதியக் கோப்புக்கு.
தம்பியின் மரண அத்தாட்சிக்கு மூன்று தரம்:
முதல் தரம் எழுதுகிறவர் லீவு.
இரண்டாம் தரம்
சுகிர்தனைச் சுகந்தன் என்று எழுதிவிட்டார்கள்.
யாரென்றே தெரியாத ஒரு சுகந்தன் செத்துப்போய்
ஒரு பகல் முழுக்க என் கையில் இருந்தான்.
ஒவ்வொரு தரமும்
பைலை நெஞ்சோடு அணைத்தபடி வாவியைக் கடந்தேன்.
வாவியைக் கண்டதில்லை.

இன்றைக்குக் குடை மட்டும்.

புளியந்தீவில் ஒரு லொட்ஜ். பெரிய கொப்பி.
பெயர்: பூரணவதி.
வயது: எழுதினேன்.
வந்த நோக்கம்:
பேனை அங்கே கொஞ்சம் நின்றது.
"பார்க்க" என்று எழுதினேன்.
சட்டையில் விதுர்சன் என்று பெயர் குத்திய பொடியன்
எட்டிப் பார்த்தான். "யாரை அன்ரி?"
"ஊரை."
அவன் பேனையை வாங்கி
பக்கத்தில் அடைப்புப் போட்டு
சொந்த அலுவல் என்று சேர்த்துக்கொண்டான்.

கோட்டைக்குள் சனிக்கிழமை.
நான் நின்ற வரிசை எங்கே நின்றதென்று தேடினேன்.
ஆட்கள் இல்லாவிட்டால் எவ்வளவு சின்ன முற்றம்!
யன்னல் பூட்டிக் கிடந்தது. அதன்மேல்
சுவர் இந்தப் பெரிய தடிப்பென்று
அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.
ஈரப் பாசி, கல்லுக்குள் வேர் விட்ட ஆலங்கன்று,
பீரங்கி வாய்க்குள் ஒரு சோடாப் போத்தல்.
மழைச்சட்டை போட்ட வெள்ளைக்காரச் சோடி
தங்களைப் படம் எடுக்கச் சொல்லிப் போனை நீட்டியது.
எடுத்துக் கொடுத்தேன்.
பிறகு என் போனை நீட்டினேன்.
அவர்கள் கொஞ்சம் திகைத்தார்கள்.
குடையோடு நான், பின்னால் பீரங்கி.
சிரிக்க மறந்துபோனேன்.

அக்கா எடுத்தாள். "யாருக்கு என்ன வருத்தம்?"
"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. பிளேன்ரீ குடிக்கிறன்."
சத்தமில்லை. மழை மட்டும் இரண்டு பக்கமும்.
"பிளேன்ரீ குடிக்கவா மட்டக்களப்புக்குப் போன நீ?"
"ஓம்."
இஞ்சி கூட. நல்லாயிருந்தது.

கல்லடிப் பழைய பாலத்தில்
வலையோடு நின்றவர் என்னைக் கண்டதும் சொன்னார்:
"மீன்ர பாட்டு மாரியில கேக்காது.
சித்திரை நிலவுக்கு வாங்க."
"கேக்க வரல்ல, பாக்க வந்தன்."
"அப்ப பாருங்க" என்று வலையை இழுத்தார்.
ஒரு கெழுத்தி, சருகு, ஒற்றைச் செருப்பு.
கெழுத்தியை வைத்துக்கொண்டார்.
செருப்பைத் திருப்பிப் பார்த்து, அளவு சரியில்லை என்பதுபோல்
தண்ணீருக்கே விட்டார்.
வாவி அன்று வாவி நிறத்தில் இல்லை.
வயல்களெல்லாம் கரைந்து வந்த நிறம்.
பாலம் அதிர அதிர
பைக்குகள் போகிற இரும்பில் கைவைத்து நின்றேன்,
கால் விறைக்கும் மட்டும்.

வெளிச்சவீட்டுக்கு ஆட்டோ வர மறுத்தது.
"ரோட்டுக்கு மேலால தண்ணி. நாளைக்கு
முகத்துவாரம் வெட்டுவாங்க, வெட்டினா வடிஞ்சிரும்."

இரவு ரூமில்
நனைந்த சேலையைக் கதிரையில் விரித்தேன்.
ஒரு பிளேட் கொத்தை முழுக்கச் சாப்பிட்டேன்,
யாருக்கும் பாதி வைக்காமல்.
சுகிர்தன் நினைவு வந்தது.
அவனும் இந்த ஊரை ஒருநாளும் பார்க்கவில்லை.
அவனைக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.
லைற்றை அணைத்தேன். தூக்கமும் வந்தது.

காலையில் சாவியை வாங்கிக்கொண்டு
விதுர்சன் கேட்டான்:
"அலுவல் முடிஞ்சுதா அன்ரி?"

"இல்ல" என்றேன்.
"வெளிச்சவீடு மிச்சம்."